அன்றாடத் தொப்பியாக இருந்த உயரத் தொப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

மேடையில் மந்திரவித்தைக்காரர் முயலை வெளியே எடுக்கும் உயரமான கறுப்புத் தொப்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'டாப் ஹேட்' எனப்படும் அந்தத் தொப்பி செல்வந்தர்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். உடைகளின் வரலாற்றில் நெடுநாளாக ஈடுபாடு கொண்ட எனக்கு அந்த எண்ணத்தோடு ஒரு தீராத வழக்கு உண்டு.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த அது, அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வேலைக்கும் விளையாட்டுக்கும் அணியும் அன்றாடத் தொப்பியாகவே இருந்தது. 1829 இல் லண்டன் பெருநகரக் காவல்துறை உருவானபோது காவலர்களுக்குத் தரப்பட்டதும் இதுதான். 1860களில் தலைக்கவசம் வரும்வரை, அவர்கள் திருடர்களைத் துரத்தியதும் இந்த உயரத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான். கிரிக்கெட் ஆடியவர்கள் இதை அணிந்தே பந்து வீசினார்கள். வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன் கடிதங்களையும் குறிப்புகளையும் தம் தொப்பிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினார். இவற்றில் எதைச் சடங்கு என்று சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த செய்தி பிரிட்டிஷ் மக்களவையைப் பற்றியது. அங்கே அந்நாளில் உறுப்பினர்கள் தொப்பியோடு அமர்ந்திருக்கலாம். பேச எழும்போது அதைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. ஆனால் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை, அதாவது அவை விதி மீறப்படுகிறது என்ற முறையீடு, எழுப்ப விரும்பியவர் இதற்கு நேர்மாறாக, எழுந்து நிற்காமல், தலையில் தொப்பியை வைத்தபடி பேச வேண்டியிருந்தது. அனைவரும் எழுந்து நடமாடும் நேரத்தில் பேசுபவரை அவைத்தலைவர் எளிதில் அடையாளம் காண இது உதவியது. காலப்போக்கில் தொப்பி அணிவோர் அருகினார்கள். விதி மட்டும் அகலவில்லை. ஆகவே சுருள்வில் பொருத்திய, அழுத்தினால் தட்டையாக மடங்கும் தொப்பி அவையிலேயே தயாராக வைக்கப்பட்டது. நாடக அரங்குக்குச் செல்வோர் இருக்கைக்கடியில் வைப்பதற்கென்று உருவான வகை அது. பேச விரும்பியவரிடம் அது கைமாறிச் சென்றது. பெண் உறுப்பினர்களும் அதையே தலையில் வைத்துப் பேசினார்கள். நாட்டின் வரியையும் போரையும் விவாதிக்கும் அவையில், ஒரே தொப்பி இருக்கைவிட்டு இருக்கை செல்லும் காட்சியை நீங்களே எண்ணிப் பாருங்கள்! 1998 இல்தான் அந்த விதி கைவிடப்பட்டது. தெருவில் எவரும் அணியாத பிறகு, அன்றாடப் பொருள் விதிப்புத்தகத்துக்குள் சென்று தங்கிவிடுகிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய முறைசார்ந்த வழக்கத்தை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஜூன் மாதம் நடைபெறும் ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில், அரச வளாகத்துக்குள் செல்லும் ஆண்கள் கறுப்பு அல்லது சாம்பல் நிற உயரத் தொப்பியை அணிந்தாக வேண்டும். உணவகத்திலும் தனி மாடத்திலும் கழற்றிக்கொள்ளலாம். அங்கே பெரிதும் மதிக்கப்படுபவை பழைய பட்டுத் தொப்பிகள். அவற்றின் மேலுறையாக அமைந்த பளபளப்பான பட்டுத் துணி இப்போது நெய்யப்படுவதில்லை. அதனால் பழைய தொப்பிகளே விலைக்குக் கைமாறுகின்றன. பெரும்பாலானவை சிறிய அளவுடையவை என்பதால், பெரிய தலைக்குப் பொருந்துவதைத் தேடுபவர் கூடுதல் விலை கொடுக்க நேரும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.