புது டீச்சர்மார் வகுப்புக்கு என்னத்தக் கொண்டு போறாங்க

வணக்கம். மட்டக்களப்பு தாழங்குடாவில இரிக்கிற கல்வியியல் கல்லூரியில படிச்சு வெளிய வாற பிள்ளையள கனகாலமாப் பாத்திட்டு வாறன். ரெண்டு வருஷம் உள்ள தங்கிப் படிப்பு, மூண்டாவது வருஷம் ஒரு பாடசாலையில கட்டுறு பயிலல், அதாவது வகுப்பெடுத்துப் பழகிறது. உட்படுத்தல் கல்வி, அதாவது ஏலாத பிள்ளையளையும் மத்தப் பிள்ளையளோட ஒரே வகுப்பில வச்சுப் படிப்பிக்கிறது, அதப் பத்திக் கேட்டா எல்லாரும் நல்லாச் சொல்லுவாங்க, 1994ல ஸ்பெயின்ட சலமங்கா நகரத்தில 92 அரசாங்கங்கள் கூடி கட்டாயமான காரணம் இல்லாட்டி எல்லாப் பிள்ளையையும் சாதாரண பாடசாலையிலதான் சேக்கணும் எண்டு சொன்னது, மாற்றுத்திறனாளிகள்ர உரிமைக்கான ஐநா சமவாயத்த இலங்கை 2016ல ஏத்துக்கிட்டது, எல்லாம் சோதினையில எழுதுவாங்க. ஆனா வகுப்புக்குள்ள போனா ஏலாத பிள்ளைய கடைசி வாங்குக்குத்தான் அனுப்புறாங்க.

ஏன் எண்டா அவங்க அதத்தான் பாத்து வளந்தவங்க. டான் லோர்ட்டி எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1975லயே இத எழுதினவர், டீச்சரா வாறவங்க தாங்க மாணவரா இருந்த காலத்திலயே டீச்சர்மாரப் பாத்துப் பாத்து தொழிலப் பழகிடுறாங்க எண்டு. நம்மட கணக்கில அது 13 வருஷம். அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் வகுப்பில ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கு எண்டு பாத்த கண்ண ரெண்டு வருஷ விரிவுரை மாத்திடுமா?

மறுகா ஸ்டாப் ரூம். என்ட முதல் நியமனம் வாவிக்கு மேற்குப் பக்கம் இரிக்கிற படுவான்கரையில, போன முதல் நாளே ஒரு பொடியனக் காட்டி "அவன் மெல்லக் கற்போர், அவனோட மெனக்கெடாதீங்க டீச்சர்" எண்டாங்க, நானும் நம்பிட்டன், ஒரு தவணை முழுக்க அவன்ட்ட ஒரு கேள்வி கேக்கல்ல. அத நினைச்சா இப்பவும் மனசு கிடந்து அடிக்கிது. ஒருநாள் சொல்வதெழுதுதல் குடுக்கக்குள்ள பாதியில கரும்பலகைப் பக்கம் கிறுகி நிண்டு நாலு சொல் சொன்னன். கொப்பியப் பாத்தா, நான் முகத்தக் காட்டிச் சொன்ன ஆறு சொல்லும் சரி, கிறுகினதுக்குப் பிறகு வெறும் கோடு. அவனுக்குக் காது சரியாக் கேக்கிறல்ல, என்ட வாயப் பாத்துத்தான் எழுதியிருக்கான். அத ஒருத்தரும் கவனிக்கல்ல, நானும்தான். என்ட எண்ணத்த மாத்தினது அந்த ஒரு பக்கம்தான்.

அதால அதிபர்மாருக்கும் மூத்த ஆசிரியர்மாருக்கும் ஒண்டு கேக்கிறன். கட்டுறு பயிலலுக்கு ஒரு பிள்ளை வந்தா முதல் கிழமையே ஆருக்குப் படிப்பு ஏறாது எண்ட லிஸ்டக் குடுக்காதீங்க. எந்தப் பிள்ளை எங்க இருந்தா நல்லாக் கேக்கும், எங்க இருந்தா எழுத்துத் தெரியும், அதச் சொல்லிக் குடுங்க.