குவாண்டம் சாகாவரம்: கணக்கு எங்க இடறுது?

[திரையில்: மாட்டுத்தாவணி. மேலூர் போற ரெண்டு பஸ்.]

பல உலகம் இருந்தா ஏதோ ஒண்ணுல நாம எப்பவும் பிழைச்சிருப்போம், அதனால நமக்குச் சாவே இல்லைங்கிற வாதம்தான் குவாண்டம் சாகாவரம். அதுக்கு முன்னாடி ஒரு பஸ் கணக்கு. ஒரு பஸ்ல 90 பேர், இன்னொண்ணுல 10 பேர். கண்டக்டர்களைக் கேட்டா சராசரி 50. இறங்குற 100 பேரையும் "உங்க பஸ்ல எத்தனை பேர்?"னு கேட்டா சராசரி 82. ரெண்டுமே சரிதான். யார்கிட்ட கேக்குறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

"என்னை மாதிரி இருக்குறவங்கள்ல குத்துமதிப்பா எடுத்த ஒரு ஆள் நான்"னு வச்சுக் கணக்குப் போடுறதை தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் 2002-ல விரிவா அலசினார். குவாண்டம் சாகாவரத்தோட சிக்கலும் இங்கதான்.

1957-ல இயற்பியலாளர் ஹியூ எவரெட் சொன்னது: ஒரு குவாண்டம் அளவீட்டுல எல்லா விடையும் தனித்தனிக் கிளையா நடக்குது. இதைத்தான் "பல உலகம்"னு சொல்றாங்க. இதை வச்சு ஒரு கற்பனைச் சோதனை. ஒவ்வொரு சுற்றுலயும் சாவுக்கும் பிழைப்புக்கும் சரிபாதி வாய்ப்பு. செத்த கிளைல பாக்க ஆள் இல்ல. "அப்ப எனக்கு எப்பவும் பிழைச்ச கிளைதான்"ங்கிறது வாதம்.

[திரையில்: 1/2, 1/4, 1/8 … 1/1024]

10 சுற்று முடிஞ்சா பிழைச்ச கிளையோட எடை, அதாவது அதுக்கான வாய்ப்போட அளவு, 1/1024. வாதம் இந்த எடையைத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சம் இருக்குறவரை மட்டும் கேக்குது. காலி பஸ்ல யாரும் இல்லாததால அந்த பஸ்ஸே ஓடலன்னு சொல்ற கதை.

இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 1998-லயே இந்த வாதத்துக்கு 3 நிபந்தனை வச்சார்: குலுக்கல் குவாண்டம் குலுக்கலா இருக்கணும், விடை தெரியுறதுக்கு முன்னாடியே சுயநினைவு போயிடணும், அரைகுறைக் காயம் கூடாது. முதுமையும் நோயும் படிப்படியா வர்றது. அதனால நிஜச் சாவு பெரும்பாலும் இதுல அடங்காது. தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் இன்னும் கசப்பாச் சொன்னார்: இந்த வாதம் சரின்னா, சாகாம நலிஞ்சுக்கிட்டே கிடக்குறதுதான் நம்ம தலைவிதி.

இன்னொரு அடி. எடையைப் பாக்காம ஆயுளோட எல்லாக் கணத்தையும் சமமா எண்ணினா, நீங்க இப்ப லட்சக்கணக்கான வயசுல இருக்கணும். எடையோட எண்ணினா 20, 60 வயசு சகஜம்; ஆனா அப்ப சாவோட வாய்ப்பும் பழையபடிதான்.

10 சுற்றும் பிழைச்சவரு "பல உலகம் நிரூபணம்"னு சொல்லலாமா? பக்கத்துல நிக்கிற கூட்டாளிக்கு, பல உலகம் இருந்தாலும் இல்லாட்டாலும், அவரு பிழைக்கிற வாய்ப்பு அதே 1/1024. அவரு கண்ணுக்கு இது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்ல. பிழைச்சவருக்கு மட்டும் அது சாட்சியாகுமாங்கிறதுலதான் இன்னும் சண்டை.