92 மதிப்பெண் வாங்கிய கேமை நம்பி வாங்கலாமா?

[திரையில்: ஒரே கேமின் படம். இடப்பக்கம் விமர்சகர்களின் எண், வலப்பக்கம் வாங்கியவர்களின் எண்.]

வணக்கம். ஒரு வீடியோ கேமுக்கு 100-க்கு 92 என்று மதிப்பெண் வந்திருக்கிறது. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இருக்கும் ஒருவர் அந்த எண்ணை மட்டும் நம்பிச் சில ஆயிரம் ரூபாயைக் கொடுக்கலாமா? கடந்த சில ஆண்டுகளில் வந்த கேம்களின் தீர்ப்புகளை வைத்தே இதைப் பார்ப்போம்.

2025 பிப்ரவரி 28 அன்று கேப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் என்ற ராட்சத விலங்கு வேட்டை கேம், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி மூன்றிலும் ஒரே நேரத்தில் வெளியானது. விமர்சகர்களின் சராசரி 90-ஐ நெருங்கியது. முதல் மாதத்திலேயே ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. ஆனால் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியவர்களின் தீர்ப்பு தொடக்கத்திலேயே இரண்டுபட்டது. சில மாதங்களில் அது முற்றிலும் கசந்துபோனது. விமர்சகர் வேட்டையின் சுவையைப் பற்றி எழுதினார். வாங்கியவர், தம் கணினியில் அந்த வேட்டை திக்கித் திணறி நகர்ந்ததைப் பற்றி எழுதினார். இரண்டும் உண்மை.

நம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை நிற்கும். ஒரே வயலின் நெல்தான். மழை பெய்த மறுநாள் ஓர் எண்ணைக் காட்டும், நான்கு நாள் வெயிலில் காய்ந்த பிறகு வேறோர் எண்ணைக் காட்டும். என்றைக்கு அளந்தோம் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. கேமின் மதிப்பெண்ணுக்குள்ளும் எந்தக் கருவியில் ஆடினார்கள், எந்த வாரத்தில் ஆடினார்கள் என்பதெல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லாத விமர்சனத்தால் நமக்குப் பயன் குறைவு.

[காட்சி: 2020 டிசம்பர் நாட்காட்டி.]

இதற்கு மிகக் கசப்பான பாடம் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முன்பு விமர்சகர்கள் கையில் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. அவர்களின் பாராட்டைப் படித்துவிட்டு, பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களும் பணம் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது உடைந்து உடைந்து ஓடிய ஒரு பதிப்பு. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் என்ற பெரிய திருத்தம் வந்த பிறகு அதே கேமை எல்லோரும் பாராட்டினார்கள். பெயர் ஒன்று, தீர்ப்புகள் மூன்று. கருவியும் தேதியும் இல்லாமல் படித்தால் எந்தத் தீர்ப்பு உங்களுக்கானது என்று எப்படித் தெரியும்?

சராசரி எண் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் பல விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. எல்லா இதழுக்கும் சம எடை கிடையாது. எதற்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதும் இல்லை. ஸ்டீமில் மதிப்பெண்ணே கிடையாது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே பதில்கள். அங்கே 90 சதவீதம் என்றால் நூறில் தொண்ணூறு பேர் பரிந்துரைத்தார்கள் என்று பொருள். அந்தத் தொண்ணூறு பேரும் கேமை ஓரளவுக்கு மட்டுமே ரசித்திருக்கவும் கூடும். 2024 ஆகஸ்டில் வந்த சீனாவின் பிளாக் மித்: வூகாங், விமர்சகர்களிடம் 80-ஐச் சற்றே தாண்டியது, ஸ்டீமிலோ 95 சதவீதத்துக்கு மேல் போனது. கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் வழியை மறிப்பதையும் வரைபடம் இல்லாததையும் விமர்சகர்கள் குறையாகச் சொன்னார்கள். வாங்கியவர்கள் அதையெல்லாம் மன்னித்துவிட்டார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவது தவறு.

[காட்சி: சில்க்சாங் கேமின் நாயகி ஹார்னெட், பாழடைந்த மணிக்கூண்டுகளுக்கிடையே.]

இப்போது ஹாலோ நைட்: சில்க்சாங். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மிகச் சிறிய குழுவான டீம் செர்ரி இதை 2019-இல் அறிவித்தது. 2025 செப்டம்பர் 4-இல்தான் வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 20 டாலர். முன்கூட்டியே எந்த விமர்சகருக்கும் பிரதி தரப்படவில்லை. விமர்சகரும் வாசகரும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒரே நேரத்தில் திணறினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். முழுமையான விமர்சனங்கள் வர நாட்கள் பிடித்தன, ஆனால் வந்தவை ஆற அமர ஆடி எழுதியவை. பலர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு மடங்கு உயிரைப் பறிப்பதைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். முதல் பேட்ச்சிலேயே தொடக்கத்தில் வரும் சில சண்டைகளைக் குழு எளிதாக்கியது.

அதே கேமுக்குச் சீன மொழி பேசுவோரிடமிருந்து வந்த தீர்ப்பு வேறு. மொழிபெயர்ப்பு செயற்கையாக, பழங்கால நடையை வலிந்து காட்டுவதாக இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் எதிர்மறையாக எழுதினார்கள். குழு அதை ஏற்று, திருத்துவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்டீம், மொழிவாரியாகத் தீர்ப்புகளைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது. ஒரு மொழியின் மக்கள் சேர்ந்து எழுதினால் உருவாக்கியவர் திரும்பிப் பார்ப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. தமிழில் விமர்சனம் எழுதத் தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஒரு செய்தி: சில்க்சாங்கில் இடையிடையே வரும் இருக்கைகளில் அமர்ந்தால்தான் அந்த இடம் உங்களுக்கு உறுதியாகும். நடுவழியில் நின்றுபோனால் கடைசியாக அமர்ந்த இருக்கையிலிருந்துதான் மறுபடியும் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத வீட்டில், மேசைக் கணினியில் ஆடுகிறவருக்கு இது சிறிய விஷயம் அன்று. யுபிஎஸ் இல்லையென்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கேம் கருவி, மடிக்கணினி போன்ற மின்கலம் உள்ள கருவியில் ஆடுங்கள்.

இந்த இடத்தில் புளூ பிரின்ஸ் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2025 ஏப்ரல் 10-இல் வந்த புதிர் விளையாட்டு. 45 அறைகள் கொண்ட மாளிகையில் 46-ஆவது அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளில் ஒன்றை நீங்களே தேர்ந்து வைக்கிறீர்கள்; மறுநாள் மாளிகை கலைந்து புதிதாகிறது. விமர்சகர்கள் 90-க்கு மேல் கொடுத்தார்கள். அந்தக் கற்பனைக்கு அது தகும் என்றே நானும் சொல்வேன். ஆனால் வெளிவந்தபோது ஆட்டத்தின் ஒரு நாள் முடியும் வரை சேமிக்க வழியில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாள் ஒரு மணி நேரம்கூட நீளும். பல விமர்சனங்களில் இது ஒரு வரியாக வந்து போனது. மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தத்தை நாட்காட்டியில் குறித்துவைக்கும் ஊரில் அது முதல் பத்தியில் வர வேண்டிய குறை.

இன்னொன்று, இதன் புதிர்கள் பல ஆங்கிலச் சொல் விளையாட்டில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்காத ஒரு பிள்ளை, அறிவுக்கூர்மை எவ்வளவு இருந்தாலும், இங்கே தோற்றுப்போவான். அவன் மேல் குற்றமில்லை. வாங்கித் தரும் பெற்றோரிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

[காட்சி: கிளேர் ஆப்ஸ்கியூர் கேமின் கடற்கரைக் காட்சி.]

2025-இன் மிகப் பெரிய வெற்றி, பிரான்ஸின் மோன்பெலியே நகரில் உருவான கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33. முறைவைத்துத் தாக்கும் பழைய வகைச் சண்டை. அதில் எதிரி ஓங்கும் நொடியில் பொத்தானை அழுத்தித் தடுக்கும் புதுமை. டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட 9 விருதுகள். கதையும் இசையும் அந்தப் புகழுக்கு உரியவை. என் ஒரே எச்சரிக்கை தொலைக்காட்சியைப் பற்றியது. தடுக்கும் நொடி மிகக் குறுகியது. பல வீட்டுத் தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டுவதற்காகச் சற்றுத் தாமதித்தே காட்டும். அமைப்புகளில் கேம் மோடைப் போட்டுவிட்டு ஆடுங்கள். அதற்கு முன்பே கை சரியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்தது, 2025 மார்ச் 6-இல் வந்த ஸ்பிளிட் ஃபிக்ஷன். இருவர் சேர்ந்து மட்டுமே ஆட முடியும். உரையாடல் மெலிந்தது என்று சொன்ன விமர்சகர்களும், கட்டத்துக்குக் கட்டம் புதிதாக வரும் விளையாட்டு முறைகளை வியந்தார்கள். ஒருவர் வாங்கினால் நண்பர் இணையம் வழியே இலவசமாகச் சேரலாம். திருவாரூரில் அண்ணன், சென்னை விடுதியில் தம்பி என்றிருக்கும் குடும்பங்களுக்கு இதை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன்.

மொபைலுக்கு வருவோம். போன் கேம்களின் விமர்சனங்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த போனில், குளிரூட்டிய அறையில் ஆடி எழுதப்படுகின்றன. போனின் சிப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஆடினால் இருபது நிமிடத்தில் படம் தடுமாறுவது அதனால்தான். இந்தக் கவலை இல்லாத ஒன்று பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டு. கனடாவைச் சேர்ந்த ஒரே ஒருவர் உருவாக்கியது, 2024 பிப்ரவரியில் வெளியாகி செப்டம்பரில் போனுக்கு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த மொபைல் கேம் விருதையும் பெற்றது. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், இணையம் வேண்டாம், விளம்பரம் இல்லை. சீட்டுப் படம் இருப்பதால் ஐரோப்பாவின் வயதுத் தர அமைப்பு 2024-இல் 18 வயதுக்கு மேல் என்றது. 2025-இல் 12 என்று மாற்றிக்கொண்டது. சீட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் சொல்லலாம்: இதில் பந்தயம் கட்டிப் பணம் இழக்க வழியே இல்லை.

கடைசியாக, 2023-இல் வந்த வெண்பா. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், சிதைந்துபோன குறிப்பேட்டிலிருந்து அம்மாவின் சமையலை மீட்டெடுக்கும் கதை. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் சொன்ன குறை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது. அது உண்மைதான்; ஓரிரு மணி நேரத்தில் முடியும். ஆனால் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று அவர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த இடத்தை, பாபநாசத்தில் ஆடும் ஒருவர் யோசிக்காமலே கடந்துவிடுவார். நமக்கு அது புதிராக இருக்காது. மகன் தமிழில் பேச மறுக்கும் காட்சிதான் நம்மைக் கட்டிப்போடும். இந்தக் கேமுக்கு மிகத் துல்லியமான விமர்சனத்தை நம்மால் எழுத முடியும். எழுதும்போது எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை, எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.