என் முதல் கண்காட்சி, லாபம் 20 ரூபா!

வணக்கம் வணக்கம். குரல் கேக்குதா? மொட்டை மாடியில உக்காந்திருக்கேன். பக்கத்து வீட்ல டைல்ஸ் வெட்டுறாங்க, பொறுத்துக்கோங்க. போன வீடியோல ஃப்ரேம் கடை வாசல்ல நின்னு புலம்பினேன்ல, அதோட மிச்சம் இது. முதல்ல கணக்கைச் சொல்லிடுறேன், இல்லன்னா இன்னைக்கும் தூக்கம் வராது.

நான் சனி ஞாயிறு போற ஓவிய வகுப்புல கீழ ஒரு சின்ன கேலரி இருக்குல்ல, அங்க வருஷத்துக்கு ஒரு தடவை மாணவர்கள் கண்காட்சி. மாணவர்கள்னா ஆறாங்கிளாஸ் பையன்ல இருந்து ரிட்டயர் ஆன பேங்க் சார் வரைக்கும். இந்த வருஷம் என் படம் ஒண்ணையும் எடுத்துக்கிட்டாங்க! குப்பத்துப் படகு வாட்டர்கலர். "அக்கா, மேகம் சூப்பர், படகு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு"ன்னு எழுதினீங்களே, அதே படம்தான்.

விலை 2,000 வெச்சேன். வித்தா வகுப்புக்கு 25 சதவீதம், அதாவது 500. ஃப்ரேம் 1,480. கழிச்சுப் பாருங்க. 20 ரூபா. மூணு வாரம் வரைஞ்சதுக்கு 20 ரூபா!

ஃப்ரேம் 650னுதான் போன்ல சொன்னாங்க. நேர்ல போனா மவுண்ட் (படத்தைச் சுத்தி, கண்ணாடிக்கு அடியில வர்ற அட்டை) தனி, கண்ணாடி தனி, பின்னாடி அட்டை தனி, கொக்கி தனி. கொக்கிக்குமா தனிக் காசு? கொக்கி இல்லாம ஃப்ரேமை நான் கையில புடிச்சுக்கிட்டே நிக்கணுமா? மவுண்ட் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. சொல்லக் கூடாது. பேப்பர் கண்ணாடியில ஒட்டக் கூடாது, நடுவுல கொஞ்சம் காத்து வேணும். மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்ல, அந்த இடைவெளிக்கும்தான். நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை புடிச்சு பழுப்பு பழுப்பா புள்ளி விழுந்துடும். என் பழைய செம்பருத்திப் படம் அப்படித்தான் போச்சு. இப்போ பாத்தா அம்மை போட்ட செம்பருத்தி.

சரி, படத்தை மாட்டப் போனா அடுத்த கூத்து. ஆணி ஆறடி உயரத்துல. புது ஆணி அடிக்கக் கூடாதாம், சுவர் போயிடுமாம். படத்தோட நடு, பாக்குறவங்க கண்ணுக்கு நேரா வரணும். தரையில இருந்து கிட்டத்தட்ட 145 செ.மீ.னு பொதுவா ஒரு கணக்கு உண்டு. என் படம் இருந்த உயரத்துக்குக் கழுத்தை அண்ணாந்து, கோபுரம் பாக்குற மாதிரி பாக்கணும்! விடுவேனா? குப்பத்துப் பக்கம் வலைச் சாமான் கடைக்குப் போய் தூண்டில் நரம்பு வாங்கினேன். கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெல்லிசு, ஆனா மீனையே தாங்குது. ரெட்டையா முடிச்சுப் போட்டு ஒரு சாண் கீழ இறக்கினேன் பாருங்க, கச்சிதம்! அன்னிக்கு சாயங்காலம் நாலு பேர் வந்து எங்கிட்ட நரம்பு கேட்டாங்க. படத்தைப் பத்தி யாரும் கேக்கல, நரம்பைத்தான் கேட்டாங்க. பரவால்ல.

ஐயோ, நரம்பு விலை 20 ரூபா. அப்போ லாபம்... சரி விடுங்க.

இப்போ எரிச்சலுக்கு வரேன். நேத்து அங்கேயே ஓவியர் உரையாடல். வந்தவர் பெரியவர், நாப்பது வருஷமா வாட்டர்கலர் மட்டும் பண்றவர். வீடியோல பேர் வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால ஐயான்னே சொல்றேன். அவர் பேசினது 20 நிமிஷம். அப்புறம் கேள்வி நேரம். முதல் கேள்வி, "இதுக்கு என்ன அர்த்தம்?" ரெண்டாவது, "இது வரைய எவ்வளவு நேரம் ஆச்சு?" மூணாவதா ஒரு மாமா மைக்கை வாங்கினார். ரெக்கார்டிங்ல பாத்தேன், 11 நிமிஷம் 40 செகண்ட் பேசியிருக்கார், அதுல கேள்வியே கிடையாது! அவர் பேத்தி நல்லா வரைவாளாம். சந்தோஷம் மாமா, ஆனா மைக்கைக் குடுங்க.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஐயா, மே மாசத்துல வானம் எப்படி வரையுறீங்க? எனக்கு ரெண்டு நிமிஷத்துல பேப்பர் காஞ்சு, ஓரத்துல கோடு விழுந்துடுது." மனுஷன் நிமிர்ந்து உக்காந்துட்டார்! பேப்பரை ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சு, கண்ணாடிப் பலகை மேல படுக்க வெப்பாராம். அடியில ஈரம் நிக்கிறதால மேல சீக்கிரம் காயாது. ஃபேனை நிறுத்திடணும். கலர் சொட்டச் சொட்ட இல்லாம கெட்டியா எடுக்கணும், ஏன்னா பேப்பர்லயே தண்ணி இருக்கு. வெள்ளைக்கு வெள்ளை பெயிண்ட் வேண்டாம், பேப்பரை விட்டு வைக்கணும். இதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டி சொன்னார். அர்த்தம் கேட்டப்போ மூணே வார்த்தை பேசினவர்!

இப்போ ஒண்ணு ஞாபகம் வருது, முன்னாடியே சொல்லியிருக்கணும். சோழமண்டலம் ஓவியர் கிராமம் வீடியோ பாத்தீங்கல்ல, இஞ்சம்பாக்கத்துல, ஈசிஆர்ல? அங்க ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோட "வார்த்தைகளும் குறியீடுகளும்" வரிசைப் படம் முன்னாடி எங்க அம்மா கால் மணி நேரம் நின்னாங்க. வரிவரியா எழுத்து, கட்டம், கணக்கு மாதிரி கோடு. அம்மா பாலக்காட்டுக்காரங்க, மலையாளம் நல்லா வாசிப்பாங்க. கண்ணாடியைத் துடைச்சு துடைச்சுப் பாத்துட்டு, "இது யாரு ஜாதகம்டி, ஒரு எழுத்தும் ஓட மாட்டேங்குது"ன்னாங்க! ஓடாது. மலையாளம் மாதிரி இருக்கும், ஆனா வாசிக்க முடியாது. அதுக்கு அர்த்தம் தேடாம அம்மா அந்த எழுத்து எப்படி வளையுதுன்னு விரலால காத்துல எழுதிப் பாத்தாங்க. நேத்து கேள்வி கேட்டவங்களை விட எங்கம்மா எவ்வளவோ மேல்.

காசு விஷயத்துக்கும் அங்கதான் போகணும். மெட்ராஸ் ஓவியக் கல்லூரி, பெரியமேட்டுல இருக்கே, 1850ல ஆரம்பிச்சது, அதுக்கு 1960கள்ல பணிக்கர்தான் முதல்வரா இருந்தார். படிச்சு முடிச்ச பசங்க படம் வித்து வயித்தைக் கழுவ முடியல. அதனால சேர்ந்து மெழுகு வெச்சு சாயம் ஏத்துற பாத்திக் துணியும் கைவேலையும் செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி, 1966ல அந்த கிராமத்தை ஆரம்பிச்சாங்க. அவங்களே துணி வித்துதான் படம் வரைஞ்சிருக்காங்க. நான் 20 ரூபாய்க்கு அழுறேன்! சரி, ஆனாலும் கொக்கிக்குத் தனிக் காசு தப்புதான். அதுல மாத்தம் இல்ல.

அப்புறம், சிவப்பு புள்ளி! வித்த படத்துக்குப் பேர்ச்சீட்டுல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்கல்ல, எங்க கேலரியில அது தீர்ந்து போய் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுறாங்க. நேத்து கிளம்புறப்போ என் சீட்டுல ஒரு பொட்டு! நெஞ்சு அப்படியே படபடன்னு... ஓடிப் போய் கேட்டேன். பக்கத்துப் படம் வித்துருக்கு, பொட்டு கீழ விழுந்து, யாரோ எடுத்து தெரியாம என்னோடதுல ஒட்டிட்டாங்க. நானே பிரிச்சு அதுல ஒட்டினேன்.

கண்காட்சி ஞாயித்துக்கிழமை வரைக்கும். மதியம் 1 மணில இருந்து 2 வரைக்கும் பூட்டியிருப்பாங்க, பூட்டின கதவு முன்னாடி நான் நின்ன வீடியோ ஞாபகம் இருக்கும். நான் சனிக்கிழமை முழுக்க அங்கதான். நரம்பு வேணும்னா இன்னும் அரை சுருள் மீதி இருக்கு, வாங்க.