செவ்வாய்க்காக விழித்திருந்த கூட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. நியூயார்க்கில் அதிகாலை ஒன்றரை மணி. டைம்ஸ் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சினிமா இல்லை, விளையாட்டுப் போட்டியும் இல்லை. திரையில் தெரிவது கலிஃபோர்னியாவின் பசடீனாவில் இருக்கும் நாசா ஆய்வகத்தின் ஓர் அறை. வெளிர்நீலச் சட்டை போட்ட பொறியாளர்கள் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். சற்று நேரத்தில் ஆலன் சென் என்ற பொறியாளரின் குரல் கேட்கிறது: "தரையிறங்கியது உறுதி. செவ்வாயில் பத்திரமாக இருக்கிறோம்." அறையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நியூயார்க் தெருவில் நின்றவர்களும் கத்திக் கூத்தாடுகிறார்கள்.

அன்று இறங்கியது கியூரியாசிட்டி ரோவர், அதாவது செவ்வாயில் ஓடித் திரிந்து ஆய்வு செய்யும் தானியங்கி வண்டி. நமக்கு அப்போது திங்கட்கிழமை காலை பதினோரு மணி. நானும் கணினியில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டம் எதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கியூரியாசிட்டியின் எடை 899 கிலோ, ஏறக்குறைய ஒரு கார். 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர்களைக் காற்றுப் பைகளுக்குள் சுற்றி, தரையில் விழுந்து துள்ளி உருள விட்டார்கள். இவ்வளவு எடைக்கு அந்த வழி சரிப்படாது. செவ்வாயின் காற்று மண்டலமோ நம்முடையதில் நூறில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லாதது. பாராசூட்டை மட்டும் நம்பி இறங்கவும் முடியாது.

கலம் மணிக்கு ஏறக்குறைய 21,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழையும். முதலில் வெப்பக் கவசம் அந்த வேகத்தில் பெரும்பகுதியைக் குறைக்கும். அப்புறம் பாராசூட் விரியும். அதையும் கழற்றிவிட்டு, எட்டு ராக்கெட் எந்திரங்களின் உந்துவிசையில் ஒரு மேடை மெல்ல இறங்கும். தரைக்கு 20 மீட்டர் இருக்கும்போது, அந்த மேடையிலிருந்து மூன்று நைலான் கயிறுகளில் ரோவரைக் கீழே இறக்க வேண்டும். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் கயிறுகளை வெட்டிக்கொண்டு மேடை எங்காவது தள்ளிப் போய் விழ வேண்டும். எல்லாமே ஏழு நிமிடத்துக்குள். அதற்கு முன் யாரும் செய்யாத வேலை இது. பூமியின் ஈர்ப்பும் காற்றும் வேறு என்பதால், முழுதாக ஒருமுறை இங்கே செய்து பார்க்கவும் வழியில்லை.

இதில் எனக்கு இன்னமும் சிலிர்ப்பைத் தருவது வேறொன்று. அன்று செவ்வாய் இருந்த தூரத்திலிருந்து ரேடியோ அலை நம்மை வந்து சேரவே பதினான்கு நிமிடம் பிடித்தது. இறங்குவதற்கோ ஏழே நிமிடம். 'காற்று மண்டலத்தைத் தொட்டுவிட்டேன்' என்ற சேதி பசடீனாவுக்கு வந்தபோது, ரோவர் தரைக்கு வந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பத்திரமாக நின்றதா, நொறுங்கிப் போனதா என்பது அங்கே முடிந்துபோன கதை. இங்கே யாருக்கும் தெரியாது. எட்டு வருடம் அந்த இறக்கத்துக்காகவே உழைத்தவர்களுக்கும் தெரியாது, டைம்ஸ் சதுக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியாது. அந்த ஏழு நிமிடத்தில் இரண்டு தரப்பும் ஒரே நிலையில் இருந்தார்கள். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தி எதையும் மாற்ற முடியாது.

அந்த அறையில் வேர்க்கடலை டப்பா கைமாறிக்கொண்டிருந்ததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். 1960களில் நிலவுக்கு அனுப்பிய ரேஞ்சர் கலங்கள் வரிசையாக ஆறு தோற்றன. 1964இல் ஏழாவது கலத்தின்போது யாரோ ஒருவர் வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார், அது ஜெயித்தது. அன்றிலிருந்து முக்கியமான நாட்களில் அந்த ஆய்வகத்தில் கடலை உண்டு. இவ்வளவு கணக்குப் போட்டவர்களும் பயத்தில் கடலை கொறிக்கிறார்கள் என்று பார்க்கும்போது, அவர்கள் மேல் தனி அன்பே வந்துவிடுகிறது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களுக்கு வந்த அந்தச் சந்தோஷம், தோல்வி வந்தாலும் வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்ததால் வந்தது. எல்லாம் முடிந்தபின் 'வென்றுவிட்டோம்' என்று ஓர் அறிக்கை வந்திருந்தால் இந்தக் கூத்தாட்டம் நடந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. செவ்வாயின் தரைக்கு முதன்முதலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த வண்டி எது தெரியுமா? 1971 டிசம்பர் 2ஆம் தேதி சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ்-3 கலத்தில் போன சின்ன வண்டி. நாலரைக் கிலோ எடை. சக்கரம் கிடையாது. பனிச்சறுக்குப் பட்டை போன்ற இரண்டு கால்களால் நடக்க வேண்டும். 15 மீட்டர் கேபிளால் கலத்தோடு கட்டியிருந்தார்கள். நிலவில் ஓடிய லூனகோத் வண்டிகளை வடிவமைத்த அலெக்சாந்தர் கெமுர்ஜியனின் குழு செய்தது அது. கலம் இறங்கி, சேதி அனுப்பத் தொடங்கிச் சில விநாடிகளிலேயே மௌனமாகிவிட்டது. வண்டி ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. அப்படி ஒரு வண்டி போனதே பல வருடம் கழித்துத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே வருடம் பூமியின் சுற்றுப்பாதையிலேயே மாட்டிக்கொண்ட இன்னொரு செவ்வாய்க் கலத்துக்கு 'காஸ்மோஸ் 419' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். அபாரமான வேலை அது. ஆனால் அதற்காக யாரும் விழித்திருக்கவில்லை, யாரும் பிரார்த்திக்கவில்லை. நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திறந்த கதவுக்கு விலையும் உண்டு. 2003 கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டனின் பீகிள்-2 செவ்வாயில் இறங்க வேண்டும். அது ரோவர் அல்ல, நின்ற இடத்தில் ஆய்வு செய்யும் கலம். நாடே காத்திருந்தது. சேதி வரவில்லை. திட்டத்தின் தலைவர் கோலின் பிலிஞ்சர் செய்தியாளர்கள் முன்னால் வந்து, இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னார். கடைசிவரை சேதி வரவேயில்லை. அவர் 2014இல் காலமானார். 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் ஒரு கலம் எடுத்த படங்களில் பீகிள்-2 அகப்பட்டது. நொறுங்கவில்லை, முறையாகத்தான் இறங்கியிருக்கிறது. சூரியத் தகடுகளில் சில மட்டும் விரியவில்லை. அவை மறைத்ததால் ஆன்டெனா பேச முடியாமல் போயிருக்கிறது.

'ஊரில் இத்தனை கஷ்டம் இருக்க, அங்கே போய் மண்ணைத் தோண்ட 250 கோடி டாலரா?' என்று கியூரியாசிட்டியின்போதும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டால், அந்தத் திட்டத்தின் மொத்தக் காலத்துக்கும் சேர்த்துத் தலைக்கு எட்டு டாலர் வரும். அந்தப் பணம் செவ்வாயில் கொட்டிக் கிடக்கவில்லை, பூமியில் சம்பளமாகத்தான் போயிருக்கிறது. பணம் கொடுத்தவர்களுக்கு வெற்றி தோல்வி இரண்டையும் கண்ணால் பார்க்கவும் விட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2021 பிப்ரவரியில் பெர்சிவியரன்ஸ் ரோவர் இறங்கியபோது, இந்தப் பங்காளி உணர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இறங்குவதை அறிவித்தவர் பெங்களூரில் பிறந்த சுவாதி மோகன். அவர் நெற்றியில் வைத்திருந்த பொட்டை நம் ஊரில் பேசாதவர் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பாராசூட்டைப் பற்றி. அதன் ஆரஞ்சு, வெள்ளைப் பட்டைகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. நாலு நாள் கழித்து வீடியோவை வெளியிட்டபோது, பழைய ஆலன் சென்தான், அதில் ஏதோ இருக்கிறது என்று கோடி காட்டினார். சில மணி நேரத்துக்குள் உலகின் எங்கெங்கோ இருந்தவர்கள் பட்டைகளை இரும எண்களாகப் படித்து விடையைச் சொல்லிவிட்டார்கள். 'மாபெரும் செயல்களைச் செய்யத் துணிந்திடு' என்ற வாசகமும், ஓரத்தில் அந்த ஆய்வகம் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் இருந்தன.

எனக்கு ஒரே ஒரு குறை. இறங்கிய மறுவாரமே பத்திரிகைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. கியூரியாசிட்டியின் உண்மையான வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 2013 பிப்ரவரியில் கேல் பள்ளத்தில் ஒரு பாறையைத் துளைத்தது. சிவப்புக் கிரகத்தின் பாறைக்குள்ளிருந்து வந்த தூள் சாம்பல் நிறம்! அதில் களிமண் கனிமங்கள் இருந்தன. அங்கே ஒரு காலத்தில் உப்போ அமிலமோ அதிகமில்லாத தண்ணீர் இருந்தது, நுண்ணுயிர்கள் வாழ்ந்திருக்கக்கூடிய சூழல் அது என்று அடுத்த மாதம் அறிவித்தார்கள். அதற்கு எந்தச் சதுக்கத்திலும் கூட்டம் கூடவில்லை. பத்தாண்டு தாண்டியும் அது அனுப்புகிற படங்களை நாசா எந்த மெருகும் போடாமல் இணையத்தில் வைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், ஒரு ரூபாய் செலவில்லை.

ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவரை 2028இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது இறங்கும் நாளில் மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ராத்திரியாக இருந்தாலும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரலையைப் போடுங்கள், முடிவு தெரிவதற்கு முன்னால். கொறிக்கக் கொஞ்சம் வேர்க்கடலையும் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.