பால்டிமோர்: ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்கத் திரைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை லாஸ் ஏஞ்சல்ஸும் நியூயார்க்கும்தான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இவ்விரண்டும் அல்லாத ஒரு நகரம். மேரிலாந்து மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள துறைமுக நகரமாகிய பால்டிமோர். மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த ஊரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. இங்கே உருவான சிறந்த படைப்புகளை எடுத்தவர்கள் வெளியூரிலிருந்து படப்பிடிப்புக்காக வந்து போனவர்கள் அல்லர்; இங்கேயே பிறந்தவர்கள், அல்லது இங்கே பல்லாண்டு வேலை பார்த்து ஊரின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர்கள். அதுவே இந்நகரத்தின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியவர் 1946இல் பால்டிமோரில் பிறந்த இயக்குநர் ஜான் வாட்டர்ஸ். அவருடைய தொடக்ககாலப் படங்கள் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கவை அல்ல. ஆனால் அவற்றில் பணியாற்றிய இருவரை நாம் மறந்துவிடக் கூடாது. ஒருவர் கலை இயக்குநர் வின்சென்ட் பெரானியோ. 1970இல் வெளிவந்த ‘மல்ட்டிபிள் மேனியாக்ஸ்’ படத்துக்காக அவர் ஒரு ராட்சதச் சிங்கி இறாலைச் செய்து, தாமே அதற்குள் புகுந்து இயக்கினார். பணமில்லாத இடத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு காட்சியை அமைக்கிற திறமை அது. மற்றொருவர் பேட் மொரான். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் பெற்ற அவர், பால்டிமோரை விட்டு அகலாமல் அங்கிருந்தே அப்பணியைச் செய்துவந்தார்.

வாட்டர்ஸ் 1988இல் எடுத்த ‘ஹேர்ஸ்ப்ரே’ எல்லோரும் பார்க்கக்கூடிய படம். 1957 முதல் 1964 வரை உள்ளூர்த் தொலைக்காட்சியில் ‘பட்டி டீன் ஷோ’ என்றொரு நடன நிகழ்ச்சி நடந்துவந்தது. அதில் வெள்ளை இளைஞர்கள் நாள்தோறும் ஆடுவார்கள். கறுப்பின இளைஞர்களுக்கென்று எப்போதாவது ஒரு தனி நாள் ஒதுக்கப்படும். இரு தரப்பினரும் சேர்ந்து ஆட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அதை ஏற்பதற்குப் பதிலாக நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அந்நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்த வாட்டர்ஸ், நிஜத்தில் நடக்காத அந்தச் சேர்ந்தாடலைத் தம் படத்தில் நடத்திக் காட்டினார்.

பால்டிமோரில் பிறந்த இன்னொரு இயக்குநரான பேரி லெவின்சன், 1982இல் ‘டைனர்’ என்ற படத்தின் மூலம் 1959ஆம் ஆண்டின் பால்டிமோர் இளைஞர்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். பிறகு அவர் தயாரிப்பாளராக இருந்து தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் ‘ஹோமிசைட்’. 1993 முதல் 1999 வரை ஏழு பருவங்கள், அதாவது சீசன்கள், ஒளிபரப்பான அத்தொடருக்கு அடிப்படை, ‘பால்டிமோர் சன்’ நாளிதழின் செய்தியாளர் டேவிட் சைமன் எழுதிய நூல். கொலை வழக்குப் பிரிவுக் காவலர்களுடன் 1988இல் ஓராண்டு முழுவதும் உடனிருந்து அவர் அந்நூலை எழுதினார். ஃபெல்ஸ் பாயின்ட் என்னும் பழைய துறைமுகப் பகுதியில் 1914இல் கட்டப்பட்ட ஒரு படகுத்துறைக் கட்டடம் தொடரில் காவல் தலைமையகமாக ஆயிற்று. அதனுள்ளே ஒரு வெள்ளைப் பலகை. துப்புத் துலங்காத வழக்கில் கொலையுண்டவரின் பெயர் சிவப்பு மையில் இருக்கும். துலங்கியதும் அது கறுப்பு மைக்கு மாறும். கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுத்த காட்சிகளில், வசனம் ஏதுமின்றி, ஒரு காவலர் அந்தப் பலகையை ஏறிட்டுப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

2002இல் சைமன் ‘தி வயர்’ தொடரைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற எட் பர்ன்ஸ், பால்டிமோர் காவல்துறையில் துப்பறிவாளராகவும் பின்னர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 2008 வரை ஐந்து பருவங்கள், அறுபது அத்தியாயங்கள். போதைப்பொருள் வணிகம், துறைமுகம், நகர அரசியல், பள்ளி, நாளிதழ் என்று ஒவ்வொரு பருவமும் நகரத்தின் ஓர் அங்கத்தை விரித்துரைத்தது. இதன் காட்சிகளை அமைத்தவரும் முன்பு நான் சொன்ன பெரானியோவே. முதல் பருவத்தில் குடியிருப்பு முற்றத்தின் நடுவே கிடக்கும் ஆரஞ்சு நிறச் சோபாவை, தொடரைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நடிகர்களையும் ஊரிலிருந்தே எடுத்தார்கள். 1984இல் எட் பர்ன்ஸ் கைது செய்த போதைப்பொருள் வணிகர் மெல்வின் வில்லியம்ஸ், இத்தொடரில் ஒரு தேவாலயப் பணியாளராக நடித்தார். போதைப் பழக்கத்தைச் சுகாதாரப் பிரச்சினையாக அணுக வேண்டும் என்று 1988இல் மேயராக இருந்தபோது வாதிட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த கர்ட் ஷ்மோக், அதே விவாதம் எழுகிற மூன்றாம் பருவத்தில் சுகாதார அதிகாரியாகத் தோன்றினார். நகர நிர்வாகத்தினருக்கு இத்தொடர் பிடிக்கவில்லை. ஊரின் பெயர் கெடுகிறது என்றார்கள். அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், அந்தத் தெருக்களில் வாழும் மனிதர்களுக்குப் பெயரும் நகைச்சுவையும் அறிவும் தந்து, அவர்களை மதிப்போடு காட்டிய தொடர் அது என்றே நான் சொல்வேன்.

இப்படி ஊன்றிய ஒரு தொழில், ஊரிலேயே நிலைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. படம் எடுக்கும் இடத்தை இன்று தீர்மானிப்பது பெரும்பாலும் மாநில அரசுகள் தரும் வரிச் சலுகை. ‘ஹேர்ஸ்ப்ரே’ 2007இல் மீண்டும் எடுக்கப்பட்டபோது, பால்டிமோரின் தெருக்கள் கனடாவின் டொராண்டோவில் அமைக்கப்பட்டன. வாஷிங்டன் அரசியலைச் சொல்லும் ‘வீப்’ தொடர் நான்கு பருவங்களைப் பால்டிமோர் வட்டாரத்தில் எடுத்துவிட்டு, கலிபோர்னியா தந்த சலுகைக்காக அங்கே சென்றுவிட்டது. மேரிலாந்தில் எடுக்கப்பட்டுவந்த ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்னும் அரசியல் தொடரின் தயாரிப்பாளர்களும் 2014இல் சலுகையை முன்னிட்டு மேரிலாந்து அரசுக்கு நெருக்கடி தந்தார்கள். ஒரு தொடர் இடம் மாறும்போது நட்சத்திரங்கள் விமானமேறி விடுவார்கள். தச்சர்களும் ஒளியமைப்பாளர்களும் ஓட்டுநர்களும் அடுத்த வேலைக்குக் காத்திருக்க நேரும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் ‘தி வயர்’ தொடரை முதல் அத்தியாயத்திலிருந்தே பார்க்க வேண்டும். நடுவில் நுழைந்தால் கதை பிடிபடாது. நான்காம் பருவத்துக்கு வரும்போது அந்தப் பள்ளிச் சிறுவர்களைச் சற்று நின்று கவனியுங்கள். தொடரில் ப்ரோப் ஜோ என்னும் வணிகராக நடித்தவரும், 2013இல் மறைந்தவருமான பால்டிமோர் நடிகர் ராபர்ட் எஃப். சூ, அச்சிறுவர்களுக்கு நடிப்புப் பயிற்சி அளித்தார். வகுப்பறையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வதிலும், பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் வாசலை ஒரு முறை பார்த்துக்கொள்வதிலும் அவர் தந்த பயிற்சியின் நேர்த்தி தெரியும்.

நன்றி, வணக்கம்.