மாப்பிள்ளையும் டெலிவரிதான்

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு விளையாட்டுக் கழகம் சித்திரைப் புத்தாண்டு இரவு நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய இளைஞன் நிரந்தர வேலையில் இருப்பதா, அதை விட்டு டெலிவரிக்கு இறங்குவதா? ‘இறங்கலாம்’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எட்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வணக்கத்துக்கே மூன்று நிமிடம் எடுத்தார், கழகப் பொருளாளரின் பெரியப்பா வரைக்கும் பெயர் சொல்லி வாழ்த்தினார். மாதச் சம்பளக்காரர், அவருக்கு நேரம் இருக்கிறது. நான் டெலிவரிப் பக்கம். சாமான் ஆறிவிடும்.

ஒரு உண்மையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்வரிசைப் பொடியன்கள் கத்துவான்கள். போன வருடம் இதே மேடையில் அரச உத்தியோகமே மேல் என்று பேசிக் குத்துவிளக்குப் பரிசு வாங்கியவன் நான்தான். இந்த வருடம் சீட்டுக் குலுக்கினார்கள், இந்தப் பக்கம் விழுந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசினபோது என் கையில் இருந்தது வெறும் வாய்ப்பேச்சு. இந்தப் பக்கத்துக்கு என்னிடம் ஒரு மச்சான் இருக்கிறார்.

மச்சானிடம் பிறகு வருகிறேன். முதலில் எதிரணித் தலைவரின் கணக்கு. நிரந்தர வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீ 8 வீதம் போட, முதலாளி 12 வீதம் போடுவான், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம் போடுவான், ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் வரும், மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு யார் போடுவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் போட மாட்டான். பெற்றோல் நாங்கள் போடவேண்டும், ஒயில் நாங்கள் போடவேண்டும், ரயர் போடவேண்டும், செயின் போடவேண்டும், போனுக்கு டேட்டா போடவேண்டும். போடுகிறதெல்லாம் நாங்கள்தான். அதில் அவருக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுங்கள் ஐயா, பாவம், வேறு எங்கேயும் கிடைக்கப் போவதில்லை.

அடுத்து, கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை எடுத்துவிட்டார். கைதட்டலும் வாங்கினார். நல்லது. ஆனால் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கோறணமேந்தே ஒரு சுற்றறிக்கை விட்டதை மறந்துவிட்டார். விரும்பின உத்தியோகத்தர் ஐந்து வருடம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில் போகலாம், வெளிநாட்டுக்குப் போகலாம், உள்ளூரில் வேறு தொழிலும் பார்க்கலாம், சேவை மூப்புக் கெடாது. இதற்கு என்ன அர்த்தம்? கோறணமேந்து கூட்டைத் திறந்து விட்டு, தீன் இல்லை, வெளியில போய் மேய்ஞ்சிட்டு வா என்று கோழிக்குச் சொல்லிற்று. கோழிதான் இன்னும் கூட்டுக்குள்ளே நின்று பழமொழி சொல்கிறது.

அதே மாதம் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரில் உங்கள் டெலிவரிக்காரன் எங்கே ஓடியிருப்பான் என்று கேட்டார். எங்கேயும் ஓடியிருக்க மாட்டான். கந்தோர்க்காரரும்தான் துருப்பிடித்த துவிச்சக்கர வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு பாலத்தில் எதிர்க்காற்றுக்கு மிதித்தார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தைவிட 70 வீதத்துக்குக் கிட்ட ஏறி நின்றது. மாதச் சம்பளம் மட்டும் நிரந்தரமாக நின்றது. இம்மியும் அசையவில்லை. நிரந்தரம் என்றால் அதுதான்.

சரி, கணக்கு முடிந்தது. இப்போது டீச்சர்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய டீச்சர் ஒரு சொல் சொன்னா. அதைக் கேட்டதிலிருந்து நான் எழுதி வந்த துண்டைப் பார்க்கவே இல்லை. என்ன சொன்னா? “பார்சல் கொண்டு வாறவனுக்கு கேற் திறக்கும், வீடு திறக்காது. எங்கட ஊரில அவனுக்கு யார் பொண்ணு குடுப்பா?” என்று கேட்டா. அதற்கு முன்வரிசை அம்மாமார் தலையை ஆட்டினதையும் பார்த்தேன்.

டீச்சர், நீங்கள் மட்டக்களப்புத்தானே? எழுவான்கரையா படுவான்கரையா என்று கேட்கவில்லை, எந்தக் கரையானாலும் வழக்கம் ஒன்றுதான். நம் ஊரில் பெண்ணுக்கு வீட்டைக் கட்டி எழுதி வைக்கிறோம். பிறகு மாப்பிள்ளையை மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, அந்த வீட்டு வாசலில் இறக்கி, கால் கழுவி உள்ளே எடுக்கிறோம். அவர் பிறகு அங்கேதான். இதற்குப் பெயர் என்ன டீச்சர்? வீடு தேடி வந்து, வாசலில் இறக்கி, உரியவர் கையில் ஒப்படைக்கிறது? பார்சல் மட்டுமில்லை, மாப்பிள்ளையையே டெலிவரி செய்கிற ஊர் இது! கால் கழுவுகிறது பெண்ணின் தம்பி, அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார்கள், அது டெலிவரி சார்ஜ். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புகிற வசதி மட்டும் கிடையாது.

நானும் அப்படி ஒருவருக்குக் கால் கழுவி மோதிரம் வாங்கினவன்தான். அவர்தான் மச்சான். என் அக்காவின் புருஷன்.

மச்சான் பதினொரு வருடம் ஒரு லீசிங் கம்பனியில் இருந்தார். பெயர் வேண்டாம். வெள்ளைச் சேட், டை, ஏசி. வேலை என்ன? தவணை கட்ட முடியாதவன் வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளைத் தூக்கி வருவது. ஒருநாள் ஒரு மீன் வியாபாரியின் சைக்கிளைத் தூக்கப் போயிருக்கிறார். அந்த மனுசன் ஒரு சொல்லும் சொல்லாமல் பின்னால் கட்டியிருந்த மீன்பெட்டியை அவிழ்த்தாராம். கயிறு நனைந்து இறுகி அவிழவில்லை. மச்சானும் கிட்டப் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐஸ் உருகி அவர் சப்பாத்தில் சொட்டிற்று. அடுத்த மாதம் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தார். கம்பனிக்குக் கொடுத்தார். வீட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு காலை காலை அதே வெள்ளைச் சேட், அதே டை, அதே சோற்றுப் பார்சல். கல்லடிப் பழைய பாலத்தடியில் நிறுத்தி டையைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். பகலில் கூரியர், இரவில் கொத்துரொட்டிக் கடை ஓடர். வீட்டுக்குப் போகும்போது அதே பாலத்தடியில் சைக்கிள் கண்ணாடியைப் பார்த்து டை கட்டுவார். பாலத்துக்குக் கீழே மீன் பாடுகிறது என்கிறார்கள். நான் நினைக்கிறேன், இவரைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

வந்தது கந்தசஷ்டி. மூன்றாம் நாள் இரவு, மழைத்தூறல். ஒரு கோழிக் கொத்து ஓடர். போனில் ஒரு சின்னப் பொடியன் வழி சொல்கிறான்: “அங்கிள், நாவற்குடா மெயின் ரோட்டால வாங்க, கோயிலடியில கிறுகுங்க.” கிறுகினார். “ரெண்டாவது ஒழுங்கை.” அட, நம் பக்கம்தான். “முருங்கை மரம் நிக்கிற வீடு.” நம் வீட்டிலும் முருங்கை நிற்கிறதே. “பச்சைக் கேற்.” நம் கேற்றும் பச்சைதானே என்று நினைத்துக்கொண்டு பிரேக் பிடித்தால், முன்னால் நிற்பது நம் வீடு!

கேற்றடியில் யார்? மச்சானின் மாமியார். என் அக்கா பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்விட்டா. மாமிக்கு முழங்கால் வருத்தம், வீட்டில் தனியே. சஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும். வீட்டு அடுப்பில் முட்டை கூட ஏறாது. அந்த மாமி குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா, கோழிக் கொத்துக்கு!

மச்சானின் நிலைமையை யோசியுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் அவர் பிடிபடுவார். கழற்றாவிட்டால் மாமி பிடிபட்டது தெரியாமல் போகும். எவ்வளவு என்று மாமி கேட்கிறா. குரலைக் காட்ட முடியாது. எங்கள் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? சிங்களத்தில் சொன்னார்! “எக்தஹஸ் தெசிய பனஹய்!” ஆயிரத்து இருநூற்றைம்பது. மாமி, “ஐயோ பாவம், சிங்களப் பொடியன், எங்க இருந்து வந்துதோ” என்று சொல்லி, ஆயிரத்து முந்நூறைக் கொடுத்து, “மிச்சத்தை நீயே வச்சுக்க மனே” என்றா. பதினொரு வருடம் டை கட்டின மருமகனுக்கு மாமி கொடுக்காத ஐம்பது ரூபாயை, ஹெல்மெட் போட்ட அன்றைக்குக் கொடுத்தா!

டீச்சர், கேற் திறந்ததா இல்லையா? திறந்து காசும் வந்தது. பெண் கொடுத்த வீட்டிலிருந்தே வந்தது!

சிரிக்கிறீர்கள். நல்லாகச் சிரியுங்கள். ஆனால் இங்கே ஒரு சின்னக் கணக்கை யாரும் போடவில்லை. என் அக்காவின் புருஷனுக்கு மாமி என்றால் எனக்கு யார்? ஓம், என் அம்மா. இரண்டாவது வரிசையில், ஊதாச் சேலை. திரும்பிப் பார்க்காதீர்கள், இரவைக்கு எனக்குச் சோறு கிடைக்காது.

இந்தக் கதையை மச்சான் எனக்குச் சொன்ன நாளிலிருந்து கல்யாண வீடு, அந்திரட்டி வீடு என்று பார்க்காமல் எல்லா இடமும் சொல்லித் திரிந்தேன். சிங்களத்தில் விலை சொன்ன இடத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டினேன், அதுவும் உண்மை. போன மாதம்தான் மச்சான் என்னைக் கூப்பிட்டு, நீ பாதிக் கதைதான் சொல்கிறாய் என்றார். மீதிப் பாதியை அவர் அதுவரைக்கும் எனக்கே சொல்லியிருக்கவில்லை.

அன்று இரவு ஒன்பதரைக்கு மச்சான் பாலத்தடியில் டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். வெளி விறாந்தையில் லைட் எரிந்தது. மேசையில் ஒரு கோப்பையால் மூடி ஒரு பார்சல். கடைக்காரன் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அவர் கையால் கொண்டுவந்து கொடுத்த அதே பார்சல். விரத வீட்டுக்குள்ளே எடுக்கக் கூடாது என்று விறாந்தையிலேயே வைத்திருக்கிறா.

நான் பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னா: “பதினொரு வருஷமா ஏசியில இருந்த கை மனே. ரெண்டு மாசத்தில கருகிப் போயிற்று. சேட்டைக் கழுவிறவளுக்குத் தெரியாதா, கொலரில அழுக்கா புழுதியா எண்டு? நேரா கேட்டா அவருக்கு வெட்கம். மழைக்குள்ள என்ன கோலத்தில ஓடித் திரியிறார் எண்டு பார்க்கோணும் போல இருந்திச்சு. பக்கத்து வீட்டுப் பொடியனைக் கொண்டு கூப்பிட்டுப் பார்த்தன். மூணு நாளா வீட்டில மரக்கறிதானே, இறைச்சி தின்னுற மனுசன்.”

“அப்ப சிங்களம் கதைச்சது?” என்று கேட்டேன்.

“பாவம், கஷ்டப்பட்டுக் கதைச்சார். நான் ஏன் கெடுப்பான்?”

நடுவர் ஐயா, மருமகனை அம்மா ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவா, ‘நீங்க’ போட்டுத்தான் கதைப்பா. மகனே என்கிற அந்த ‘மனே’யைச் சொல்லிக் கூப்பிட்டது அந்தக் கேற்றடியில்தான், அந்த ஒரு தடவைதான். மச்சான் எனக்குக் கதை சொன்னபோது ஐம்பது ரூபாயைத்தான் பெரிதாகச் சொன்னார். இப்போது அவரிடம் கேட்டால் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்.

தலைப்பு எங்கே போயிற்று என்று எதிரணித் தலைவர் கையால் கேட்கிறார். தெரியவில்லை ஐயா. டெலிவரியில் பணிக்கொடை இல்லை என்றீர்கள், இல்லைதான். மழை மாதத்தில் உழைப்புக் குறைவு என்றீர்கள், குறைவுதான். மணியில் கை வைத்துவிட்டீர்கள், இதோ இறங்குகிறேன். அந்த இரவை மட்டும் முடித்துவிடுகிறேன்.

மச்சான் விறாந்தையில் நின்றபடி அந்தப் பார்சலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா உள்ளே இருந்து வந்து, “மழைக் கோட்டை ஈரத்தோட மடிச்சுப் பைக்குள்ள வைக்காதீங்க தம்பி, மணக்கும். கொடியில போடுங்க” என்றாவாம். அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மச்சான் டை நுனியைச் சேட் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு இருந்து சாப்பிட்டார். அம்மா படுக்கப் போய்விட்டா. போகும்போது கேற்றைப் பூட்டவில்லை, அடுத்த ஓடர் வந்தாலும் வரும் என்று.